மெழுகிய களம்

அத்தியாயம் 11

வெள்ளிமலையில் அன்றைக்குக் காலைப் பேருந்து வரவே இல்லை. ஜீவாவும் அவள் அணியின் மூன்று பெண்களும் கடுக்காய் மூட்டை ஏற்றிய ஜீப்பில் இடம் பிடித்தார்கள். வளைவுகளில் மூட்டைகள் இவர்கள் மேல் சாய்ந்தன. சுபஸ்ரீயின் தலை ஜீப் கூரையில் இடித்துக்கொண்டே வந்தது.

"அக்கா, இந்தத் தலைய கழட்டி மடியில வச்சிக்கலாம் போல இருக்குது."

மற்ற இருவரும் சிரித்தார்கள். ஜீவா சிரிக்கவில்லை. அண்ணன் தமிழழகன் புதன்கிழமை போனில் சொன்னதையே நினைத்துக்கொண்டிருந்தாள்.

தேசிய மகளிர் கூடைப்பந்து லீக்கில் பதினாறு அணிகள். போன வருடம் லீக் பாதியில் நின்றுபோனது. இனி எட்டு அணிகள் போதும் என்று சீர்திருத்தக் குழு நினைக்கிறது. கூரை இல்லாத ஆடுகளங்களை ஒவ்வொன்றாக நேரில் வந்து பார்க்கிறார்கள். இன்றைக்கு, சனிக்கிழமை, கள்ளக்குறிச்சி அணியின் களம் இருக்கும் நைனார்பாளையத்தின் முறை. மாலை சென்னை அணியோடு கள்ளக்குறிச்சி அணிக்கு ஆட்டம். தரை ஆடுவதற்குத் தகுதியாக இல்லை என்று எழுதிவிட்டால், கள்ளக்குறிச்சி அணி அதோடு முடிந்தது.

அணியின் தலைவி ஜீவா. குழுவின் செயலாளர் தமிழழகன். ஒரே வீட்டில், ஒரே தட்டில் சண்டை போட்டுச் சாப்பிட்டவர்கள்.

சுபஸ்ரீ பந்தை மடியில் அணைத்தபடி மலையைத் திரும்பிப் பார்த்தாள். அவள் படித்த பள்ளி மைதானத்தில் ஒரே ஒரு வளையம்தான் உண்டு. அதில் வலை இல்லை. அங்கிருந்து அவளை இந்த லீக்குக்குக் கொண்டுவந்தது கள்ளக்குறிச்சி அணி. இந்த அணி போனால் மலையிலிருந்து இன்னொருத்தி இறங்கி வரப்போவதில்லை. ஜீவாவுக்கு அது தெரியும். சுபஸ்ரீக்கும் தெரியும்.

ஜீப் நைனார்பாளையத்தில் நின்றது. ஜீவா இறங்கினாள். கோர்ட்டைக் காணவில்லை.

கம்பங்கள் இருந்தன. வளையங்கள் இருந்தன. தரை மட்டும் வேறாக இருந்தது. கோடுகள் எல்லாம் மறைந்துபோய், இந்த முனையிலிருந்து அந்த முனைவரை பச்சைச் சாணம். கை வீசி மெழுகிய அரைவட்டங்கள் வரிசையாக, அழகாக. நடுவில் செம்மண் கரை கட்டிய பெரிய கோலம்.

குழாயடியில் அம்மா தைலம்மாள் முழங்கைவரை கழுவிக்கொண்டிருந்தாள். கூடவே தெருப் பெண்கள் நான்கைந்து பேர்.

"இன்னாடி அப்பிடிப் பாக்கற? நல்லா இல்ல?"

"யம்மா, இன்னா பண்ணி வச்சிருக்க?"

"களத்த மொழுவினேன். நம்ம மாட்டுச் சாணி பத்தல. உங்க சித்தி வூட்டுக் கொட்டாயில கேட்டு வாங்கியாந்தோம். விடியறதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சோம்."

"யாரு உன்ன மொழுவச் சொன்னது?"

"உங்கண்ணன் தான் போன்ல சொன்னான். தரையில விரிசல் இருக்குதும்மா, வர்றவங்க மொதல்ல அதத்தான் பாப்பாங்கன்னு. விரிசல் இருந்தா மொழுவாம இன்னா பண்ணுவாங்க? இப்ப பாரு. ஒரு விரிசல் தெரியுதா?"

தெரியவில்லை. ஒரு கோடும் தெரியவில்லை.

அது முன்பு அப்பா பிச்சைமுத்துவின் களம். ஜீவா பள்ளியில் ஆடத் தொடங்கியபோது அவர் அதன் மேல் சிமென்ட் போட்டுக் கம்பம் நட்டார். ஆட்டம் இருந்தால் அது கோர்ட்டு. இல்லாத நாட்களில் அங்கே மக்காச்சோளம் காயும், எள் காயும். எள் கொட்டுவதற்கு முன்னால் தைலம்மாள் தரையை மெழுகிவிடுவாள். இல்லையென்றால் மணிகள் விரிசலில் இறங்கிவிடும். எப்போதும் செய்கிற வேலையைத்தான் இன்றைக்கும் செய்திருந்தாள். மகன் வருகிறான் என்பதால் கோலத்தையும் சேர்த்துப் போட்டிருந்தாள்.

சுபஸ்ரீ பந்தைத் தரையில் தட்டிப் பார்த்தாள். பொத்தென்று விழுந்தது. முழங்கால் உயரத்துக்குக்கூட எழும்பவில்லை. எடுத்தபோது அதன் ஒரு பக்கம் பச்சையாக இருந்தது.

"இதுல ஓடினா வழுக்கிக்கினே சேலம் போயிடலாம்க்கா."

ஜீவா அம்மாவைத் திட்ட வாயைத் திறந்தாள். அதற்குள் வெள்ளைக் கார் வந்து நின்றது.

முதலில் இறங்கியவர் குழுவின் தலைவர் காசிநாதன். இஸ்திரி கலையாத சட்டை. ஷூக் காலோடு நேராகக் களத்துக்குள் நடந்தார். மெழுகிய தரையில் அவர் காலடி வரிசையாகப் பதிந்தது.

பின்னால் தமிழழகன் இறங்கினான். களத்தின் ஓரத்தில் நின்றான். குனிந்து ஷூ முடிச்சை அவிழ்த்தான். இரண்டையும் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு வெறுங்காலோடு உள்ளே வந்தான். மெழுகிய களத்தில் அந்த ஊரில் யாரும் செருப்போடு நடப்பதில்லை. யோசித்துச் செய்ததாகத் தெரியவில்லை.

ஜீவா அதைப் பார்த்தாள். ஏனோ கோபம் கொஞ்சம் குறைந்தது. குறைந்ததே என்று மறுபடி கோபம் வந்தது.

"என்ன இது?" என்றார் காசிநாதன்.

"சாணம் சார்."

"அது தெரியுது. நேஷனல் லீக் ஆடுற இடத்துல எதுக்கு?"

தைலம்மாள் முந்திக்கொண்டாள். "பழசு இல்லீங்க. இன்னிக்குக் காலையில போட்டதுங்க."

காசிநாதன் அவளைப் பார்த்தார். தன் ஷூவைப் பார்த்தார். போனை எடுத்து இரண்டு படம் பிடித்தார்.

"முடிஞ்சுது. தகுதி இல்லன்னு எழுதிக்குங்க தமிழழகன். கிளம்பலாம்."

"சார், ஒரு நிமிஷம்ங்க." ஜீவா குறுக்கே வந்து நின்றாள். "ஆட்டம் எத்தன மணிக்குங்க?"

"நாலு மணிக்கு."

"தரைய எப்ப சோதிக்கணும்ங்க?"

காசிநாதன் போனைச் சட்டைப் பையில் போட்டார். ஜீவா அண்ணன் பக்கம் திரும்பினாள்.

"நீ சொல்லுண்ணா. விதிய எழுதனவன் நீ தான?"

தமிழழகன் தன் பாதத்தைப் பார்த்தான். கால் விரல்களுக்கு நடுவில் சாணம் பிதுங்கியிருந்தது.

"ஆட்டம் தொடங்குற நேரத்துல தான் சார் சோதிக்கணும். அதுக்கு முன்னாடி எழுத முடியாது."

காசிநாதன் அவனையே சிறிது நேரம் பார்த்தார்.

"சரி. நாலு மணிக்கு வர்றேன். அதுக்கு மேல இங்க நிக்க மாட்டேன்."

சின்னசேலம் போய்ச் சாப்பிட்டு வருவதாகச் சொன்னார். காரில் ஏறும்முன் சுபஸ்ரீயைத் தனியே கூப்பிட்டு ஏதோ பேசினார். தமிழழகன் அவரோடு போகவில்லை.

பிச்சைமுத்து ஒரு வார்த்தையும் பேசாமல் மோட்டார் கொட்டகைக்குப் போனார். சிறிது நேரத்தில் கரும்புக்குப் பாய்ச்சுகிற குழாய் உதறிக்கொண்டு எழுந்தது. தண்ணீர் களத்தில் விழுந்தது. அரைவட்டங்கள் கரைந்தன. கோலம் கரைந்தது. பச்சைத் தண்ணீர் சரிவில் இறங்கி வயலுக்குள் ஓடியது.

"ஒண்ணும் வீணாப் போவல. கரும்புக்குத் தான் போவுது" என்றார். அன்றைக்கு அவர் பேசியது அவ்வளவுதான்.

முதலில் துடைப்பம் எடுத்தது தைலம்மாள்.

"நீ குந்தும்மா. நாங்க பாத்துக்கறோம்."

"நான் மொழுவனது. நான் தான் கழுவணும். நீ தள்ளு."

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தேய்க்கத் தொடங்கினாள். ஜீவா தள்ளி நின்றாள். திட்ட நினைத்தது எல்லாம் அந்தத் துடைப்பச் சத்தத்தில் போய்விட்டது. தண்ணீர் பட்டுவிடும் என்று தைலம்மாள் மகனின் ஷூக்களை எடுத்துப் போய்த் ஓரமாக விரித்த தன் துண்டின் மேல் வைத்துவிட்டு வந்தாள்.

தமிழழகன் பேன்ட்டை முழங்கால்வரை மடித்துக்கொண்டு குழாயைப் பிடித்தான். ஜீவா அவனுக்கு முன்னால் தேய்த்துக்கொண்டே போனாள்.

"விட்டுடு ஜீவா" என்றான் மெதுவாக.

"இன்னாத்த விடணும்?"

"இதெல்லாம் வேணாம். எட்டு டீம் யாருன்னு போன மாசமே முடிவாயிடுச்சி. அதுல நாம இல்ல."

ஜீவா நிமிர்ந்தாள்.

"அப்ப இந்தச் சோதனை?"

"நேர்ல போய்ப் பாத்தோம்னு காட்டணும் இல்ல."

"முடிவு பண்றப்ப நீ அந்த ரூம்ல இருந்தியா?"

"இருந்தேன்."

ஜீவா துடைப்பத்தைத் தரையில் ஓங்கி இழுத்தாள்.

"லீக் சாவுது ஜீவா. மழையில எத்தன ஆட்டம் நின்னுச்சின்னு உனக்கே தெரியும். டிவிக்காரங்க விட்டுட்டுப் போயிட்டாங்க. விளம்பரம் குடுக்கறவங்க போனே எடுக்கறதில்ல. பதினாறு பேரும் சேந்து முழுகறதுக்கு எட்டு பேராவது கரையேறட்டும்."

அவன் பொய் சொல்லவில்லை. அது ஜீவாவுக்குத் தெரிந்தது.

"மழை விஷயம் நீ சொல்றது நெசம். நானே ரெண்டு ஆட்டம் நனைஞ்சிக்கினு ஆடியிருக்கேன். ஆனா ஒரு வருஷம் லீக் பேர மாத்தினீங்க. அடுத்த வருஷம் சட்டைய மாத்தினீங்க. அதுக்கு அடுத்த வருஷம் மே மாசம் மத்தியானத்துல ஆட்டம் வச்சீங்க. எல்லாத்துக்கும் சீர்திருத்தம்னு தான் பேரு. அந்த மேசையச் சுத்தி ஒக்காந்தவங்க மட்டும் மாறவே இல்ல. ஆடறவ ஒருத்தியையாவது கூப்பிட்டுக் கேட்டீங்களாண்ணா?"

அவன் குழாயை மறு கைக்கு மாற்றினான்.

"கூரை இருக்குதான்னு பாத்தீங்க. அந்தக் கூரைக்குக் கீழ ஆளுங்க இருக்கறாங்களான்னு பாத்தீங்களா?"

"கை காலு போனாலும் உசுரு இருக்கட்டும்னு நெனச்சேன்."

"யாரு கை, யாரு காலுன்னு நீங்களே முடிவு பண்ணிக்கினீங்க."

தமிழழகனின் கையில் குழாய் சரிந்தது. தண்ணீர் ஒரே இடத்தில் குட்டையாகத் தேங்கியது.

"தண்ணிய இந்தப் பக்கம் காட்டு. மூலையில இன்னும் போவல" என்றாள் ஜீவா.

"அதான் சொல்லிட்டேனே. இதுல பிரயோஜனம் இல்ல."

"நாலு மணிக்கு ஆட்டம் இருக்குது. ஆட்டம் இருந்தா கோர்ட்டு சுத்தமா இருக்கணும். உங்க குழுவுக்காக ஒண்ணும் நான் கழுவல."

அவன் தண்ணீரை மூலைக்குத் திருப்பினான்.

மதியத்துக்குள் கோடுகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. மூன்று புள்ளிக் கோடு வந்தது. நடுவட்டம் வந்தது. விரிசல்களும் வந்தன. வெயில் நல்ல வெயில். ஈரம் திட்டுத் திட்டாகச் சுருங்கிக்கொண்டே போனது.

சென்னை அணியின் பேருந்து வந்தது. முதலில் இறங்கியவள் அதன் தலைவி மணிமொழி. பள்ளி நாட்களிலிருந்தே ஜீவாவை எதிர்த்து ஆடுகிறவள். எதிர்த்து ஆடி ஆடித் தோழியானவள்.

"இன்னா ஜீவா, ஊரே ஒரு மாதிரி வாசனையா இருக்குது. எங்கள மயக்கம் போட வச்சி ஜெயிக்கலாம்னு பாக்கறியா?"

"எங்கம்மா போட்ட பிளான்."

ஜீவா அவளைக் கம்பத்துக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனாள். எட்டு அணிகள் பற்றிச் சொன்னாள். மணிமொழியின் சிரிப்பு போய்விட்டது.

"நாங்க அந்த எட்டுல இருக்கறமா?"

"சென்னை இல்லாம எட்டா? இருக்கறீங்க."

"எங்களுக்கு ஒரு வார்த்த சொல்லல." மணிமொழி உதட்டைக் கடித்தாள். "எங்க டீம்ல பாதிப் பேர வெளிய அனுப்பிட்டு, கலைக்கற டீம்ல இருந்து ஆள் எடுக்கப் போறாங்கன்னு ஒரு பேச்சு ஓடிச்சி. நான் நம்பல."

சுபஸ்ரீ பந்தைத் துடைத்துக்கொண்டே பக்கத்தில் வந்தாள்.

"பேச்சு இல்லக்கா. காலையில அந்த சார் எங்கிட்டயே சொன்னாரு. இன்னிக்கு நல்லா ஆடிக்காட்டு, உனக்குச் சென்னை டீம்ல இடம் இருக்குதுன்னாரு."

"நீ இன்னா சொன்ன?" என்றாள் ஜீவா.

"மத்த அக்காங்களுக்குன்னு கேட்டேன். கார் கதவச் சாத்திக்கினாரு."

மணிமொழி சுபஸ்ரீயின் கையிலிருந்து பந்தை வாங்கி உருட்டினாள்.

"எட்டுல நாங்க ஒண்ணு" என்றாள் மணிமொழி. "நாங்க ஆடலன்னா?"

"ஏழு."

"ஏழ வச்சிக்கினு லீக் நடத்துவாங்களா?"

"நடத்தலாம். ஒவ்வொரு வாரமும் ஒரு டீம் சும்மா குந்திக்கினு இருக்கும்."

மணிமொழி சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தினாள். "தடை போட்டா?"

"ஒருத்திக்குன்னா போடுவாங்க. ரெண்டு டீமுக்கும் போட்டா யார வச்சி ஆடுவாங்க?"

மணிமொழி தன் அணியைத் திரும்பிப் பார்த்தாள். பேருந்து நிழலில் அவர்கள் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்கள்.

"நான் போய்ப் பேசிட்டு வர்றேன்" என்றாள்.

நான்கு மணிக்குக் காசிநாதன் வந்தார்.

அதற்குள் ஊர் வந்துவிட்டது. உர மூட்டைச் சாக்கை விரித்து வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். டிராக்டர் பெட்டியில் ஒரு கூட்டம். மோட்டார் கொட்டகைக் கூரையில் ஒரு கூட்டம். மணலூர்பேட்டைப் பக்கமிருந்து ஒரு வேனில் பெண்கள் வந்திருந்தார்கள். காசிநாதன் கூட்டத்தைப் பார்த்தது போலவே காட்டிக்கொள்ளவில்லை. களத்தைச் சுற்றி நடந்தார். பந்தை வாங்கித் தானே தட்டினார். இடுப்புக்கு மேல் எழும்பியது. வேறு இடத்தில் தட்டினார். அங்கும் எழும்பியது.

"விரிசல் இருக்கு" என்றார்.

"இருக்கட்டும்ங்க" என்றாள் சாக்கில் உட்கார்ந்திருந்த தைலம்மாள். "இப்ப ஒண்ணையும் மறைக்கல."

சாக்கு வரிசையில் சிரிப்பு ஓடியது. காசிநாதன் ஓர நாற்காலியில் போய் உட்கார்ந்தார். நடுவருக்குக் கை காட்டினார்.

நடுவட்டத்தில் சுபஸ்ரீ நின்றாள். எதிரே சென்னையின் உயரமான பெண். நடுவர் விசிலை வாயில் வைத்தார். பந்தை மேலே வீசினார்.

பந்து மேலே போனது. இருவரும் அதை அண்ணாந்து பார்த்தார்கள். இருவரும் எகிறவில்லை.

பந்து கீழே விழுந்தது. எழும்பியது. விழுந்தது. மெதுவாக உருண்டு ஒரு விரிசலில் தட்டி நின்றது. பத்துப் பேரும் நின்ற இடத்தில் நின்றார்கள்.

நடுவர் மறுபடி வீசினார். மறுபடி விழுந்தது.

சாக்கு வரிசையில் கழுத்துகள் நீண்டன. கூரை மேல் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து நின்றார்கள்.

"என்ன நாடகம் இது?" காசிநாதன் எழுந்தார்.

ஜீவா அவர் முன்னால் வந்தாள். மணிமொழி அவள் பக்கத்தில் வந்து நின்றாள். ஜீவாவுக்கு உள்ளங்கை வேர்த்திருந்தது. சட்டையில் துடைத்துக்கொண்டாள்.

"ஆட மாட்டோம்னு சொல்லலீங்க. ஆடத்தான் வந்திருக்கோம். ரூமுக்குள்ள நீங்க பொறுக்கின எட்டு எங்களுக்கு வேணாம். பதினாறு பேரும் இந்த சீசன் முழுசா ஆடறோம். மொத எட்டு இடத்துல யாரு வர்றாங்களோ அவங்க இருக்கட்டும். நாங்க தோத்தா நாங்களே போயிடறோம். யாரும் வந்து தரையத் தட்டிப் பாக்க வேணாம்."

"எங்களுக்கும் அதான் சார்" என்றாள் மணிமொழி.

"உங்க டீம் உள்ள இருக்கும்மா! உனக்கு என்ன பிரச்சினை?"

"ஆடி ஜெயிச்சி உள்ள இருந்துக்கறோம் சார்."

"ரெண்டு டீமுக்கும் இந்த ஆட்டத்துப் புள்ளி கிடையாது."

"பரவால்லீங்க" என்றாள் ஜீவா.

"நீ?" காசிநாதன் நடுவட்டத்தைப் பார்த்தார். "சுபஸ்ரீ, நான் சொன்னது ஞாபகம் இருக்கா?"

"இருக்குதுங்க" என்றாள் சுபஸ்ரீ. நின்ற இடத்திலிருந்து அவள் நகரவில்லை.

கூட்டத்தில் யாரோ ஒருவர் கை தட்டினார். பிறகு டிராக்டர் பெட்டி முழுக்கத் தட்டியது. காசிநாதன் அது அடங்கும்வரை காத்திருந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

"எட்டு டீம் எடுத்தாச்சுன்னு உங்களுக்கு யார் சொன்னது?"

ஜீவா வாயை மூடிக்கொண்டாள். மணிமொழி வானத்தைப் பார்த்தாள். எவ்வளவு கேட்டாலும் இவர்கள் சொல்லப்போவதில்லை.

"நான்தான் சார்."

தமிழழகன் களத்தின் ஓரத்தில் நின்றிருந்தான். மடித்த பேன்ட்டை இன்னும் இறக்கவில்லை. கணுக்காலில் சாணம் காய்ந்து வெடித்திருந்தது.

"அவங்க கேக்கறது தப்பில்ல சார்" என்றான்.

காசிநாதன் தலையை ஆட்டினார். ஒருமுறை, மெதுவாக.

"வண்டியில ஏறுங்க. சென்னைக்குப் போய் நீங்களே குழு முன்னாடி விளக்கம் சொல்லுங்க. இவங்க ரெண்டு டீமையும் என்ன செய்யறதுன்னு அதுக்கப்புறம் பாக்கலாம்."

அவர் காரை நோக்கி நடந்தார். தமிழழகன் தங்கையைப் பார்த்தான். போனால், எட்டு அணிதான் என்று அவர்கள் எழுதிவைத்திருப்பதில் அவனிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் விடுவார்கள். போகாவிட்டால் அந்த மேசையில் இவர்களுக்காகப் பேச ஒருவரும் இருக்கமாட்டார்கள். இரண்டும் ஜீவாவுக்குப் புரிந்தது. போ என்றும் சொல்ல முடியவில்லை. இரு என்றும் சொல்ல முடியவில்லை.

அவன் ஷூவைத் தேடினான்.

அவை தைலம்மாளின் மடியில் இருந்தன. முந்தானையால் துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தாள். மேலே இரண்டு கையையும் கோத்து மூடியிருந்தாள்.

"குடும்மா."

"எதுக்கு?"

"சார் கூப்புடறாரு."

"கூப்புடட்டும். காலையில என் களத்துல ஷூவோட நடந்தவரு தான அவரு?"

"யம்மா, வெளயாடாத. நேரமாவுது."

"நான் வெளயாடல. அவளுங்களே வெளயாடாம நிக்கறாளுங்க, நான் எங்கடா வெளயாடறது?"

சாக்கு வரிசையில் மறுபடி சிரிப்பு. தமிழழகனுக்கே ஒரு கணம் சிரிப்பு வந்துவிட்டது. கையை நீட்டியபடி நின்றான். களத்தில் இரண்டு அணியும் அப்படியே நின்றன. விரிசலில் பந்து நின்றது.

கார் ஹாரன் அடித்தது.

தைலம்மாள் ஷூக்களை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"தர மாட்டேன்" என்றாள்.

கார் இரண்டாவது முறை ஹாரன் அடித்தது.